பட்டியல் போயிற்று, இனிப் படிப்பது யார்?

1928-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி பெங்களூரில் ஒரு விஞ்ஞானக் கூட்டம் நடந்தது. கல்கத்தாவிலிருந்து வந்திருந்த பேராசிரியர் சி. வி. ராமன், தாம் கண்டறிந்த ஒரு புதிய கதிர்வீச்சைப் பற்றி அங்கே விளக்கினார். அந்தப் பேச்சு, கல்கத்தாவில் அவரே ஆரம்பித்து நடத்திவந்த 'இந்தியன் ஜர்னல் ஆப் பிஸிக்ஸ்' என்ற ஆராய்ச்சிப் பத்திரிகையில் அச்சாயிற்று. பத்திரிகைக்கு அப்போது வயது இரண்டுதான். லண்டன் 'நேச்சர்' பத்திரிகைக்கும் சிறு குறிப்புகள் போயின என்பது உண்மை. ஆனால் விரிவான முதல் கட்டுரை வந்தது இந்த இளம் இந்தியப் பத்திரிகையில்தான். அதன் பிரதிகள் பல நாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தன. அவர்கள் படித்தார்கள்; சோதித்துப் பார்த்தார்கள்; ஒப்புக்கொண்டார்கள். 1930-ல் நோபல் பரிசு வந்தது.

இன்று ஒரு கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வுக்கு மனுச் செய்யும்போது, அவருடைய கட்டுரையில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்பவர்கள் குறைவு. "எந்தப் பத்திரிகையில் வந்தது? அது பட்டியலில் உண்டா? அதன் எண் எவ்வளவு?" என்பவையே முதல் மூன்று கேள்விகள். இவற்றில் இரண்டாவது கேள்வியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கைவிட்டுவிட்டது. தரமான ஆராய்ச்சிப் பத்திரிகைகள் இவை இவை என்று தானே வெளியிட்டு வந்த 'கேர்' பட்டியலை நிறுத்திவிட்டதாக அது அறிவித்தது. பத்திரிகையின் தரத்தைப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இனித் தாங்களே எடைபோட்டுக் கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

நாட்டிலுள்ள ஆசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் அனைவரையும் தொடும் முடிவு இது. இது சரியான முடிவா? பட்டியல் ஏன் வந்தது, ஏன் போயிற்று என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இதற்கு விடை காண முடியும்.

மதிப்பெண் வந்தது, கடைகளும் வந்தன

கல்லூரி ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் முறை ஒன்றை மானியக் குழு 2010-ல் விதிகளாகக் கொண்டுவந்தது. இத்தனை கட்டுரை வெளியிட்டால் இத்தனை மதிப்பெண் என்பது அதன் சாரம். டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுக்குமுன் மாணவர் குறைந்தபட்சம் ஒரு கட்டுரையையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு விதிகள் கூறின.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. சிபாரிசும் சீனியாரிட்டியும் மட்டுமே பதவி உயர்வுக்கு வழி என்ற நிலை மாறவேண்டும் என்று பலரும் கேட்டு வந்தார்கள். ஆனால் நடைமுறையில் நேர்ந்தது என்ன? ஆராய்ச்சிக் கூடமோ நல்ல நூலகமோ இல்லாத கல்லூரிகளில், வாரம் முழுவதும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர்களும் திடீரென்று கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்றாயிற்று. தேவை பெருகினால் சரக்கு வருவது சந்தையின் இயல்பு. பணம் கட்டினால் சில தினங்களில் கட்டுரையை வெளியிடும் பத்திரிகைகள் தோன்றின. நிர்வாக இயலும் ஆயுர்வேதமும் கம்ப்யூட்டரும் இலக்கியமும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன.

நல்ல ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை போனால், ஆசிரியர் குழு அதை அதே துறையில் தேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிவைக்கும். அவர்கள் பிழைகளைச் சுட்டிக் காட்டுவார்கள், திருத்தச் சொல்வார்கள், சில சமயம் வேண்டாம் என்றே திருப்பிவிடுவார்கள். ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு உயிரே இந்தப் பரிசீலனைதான். புதிய கடைகளில் விற்பனையானது இந்தப் பரிசீலனை இல்லாத அச்சு.

இந்த வியாபாரம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் 'சயன்ஸ்' பத்திரிகை 2013-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. அடிப்படைப் பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரை ஒன்றை, பெயர்களை மாற்றி மாற்றி 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். 157 பத்திரிகைகள் அதை ஏற்றுக்கொண்டன; நிராகரித்தவை 98 மட்டுமே. போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு சோதனையின் விவரத்தை 2017-ல் வெளியிட்டார்கள். இல்லாத ஒரு பெண்மணியைக் கற்பனையாகப் படைத்து, அவரை ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி 360 பத்திரிகைகளுக்கு மனு அனுப்பினார்கள். போலந்து மொழியில் அவருடைய பெயருக்கே மோசடிக்காரர் என்று பொருள். அவரை ஆசிரியராக ஏற்றுக்கொண்ட பத்திரிகைகள் 48!

இந்தியாவின் பெயரும் இதில் அடிபடாமல் இல்லை. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் 2016-ல் வழக்குத் தொடர்ந்தது. கட்டுரை எழுதுவோரை ஏமாற்றியதாகக் கண்டு, 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது.

முதல் பட்டியலின் கதை

போலிகளைத் தடுக்க மானியக் குழு எடுத்த முதல் நடவடிக்கை, ஒப்புக்கொள்ளப்பட்ட பத்திரிகைகளின் பட்டியலை 2017-ல் வெளியிட்டது. சுமார் 38,000 பத்திரிகைகள் அதில் இடம்பெற்றன. உலக அளவிலான தகவல் தொகுப்புகளிலிருந்து எடுத்தவை ஒரு பகுதி. பல்கலைக்கழகங்களே சிபாரிசு செய்தவை இன்னொரு பகுதி. ஓட்டை விழுந்தது இரண்டாவது பகுதியில்.

பெங்களூரிலிருந்து 1932 முதல் வெளிவரும் 'கரண்ட் சயன்ஸ்' பத்திரிகையில், 2018-ல் பூஷண் பட்வர்தனும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் சிபாரிசு செய்த பகுதியில் இருந்தவை 5,699 பத்திரிகைகள். அவற்றில் ஆயிரத்துச் சொச்சம் பத்திரிகைகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். சிலவற்றுக்கு முகவரி இல்லை. சிலவற்றில் ஆசிரியர் யார் என்ற விவரமே இல்லை. வேறு சில பொய்யான பதிவு எண்ணையும், எங்குமே இல்லாத தர மதிப்பையும் விளம்பரம் செய்துகொண்டிருந்தன. பரிசோதித்தவற்றில் 88 சதவிகிதத்துக்கு மேல் தரமற்றவை என்பது அவர்கள் கண்ட முடிவு.

திருடனைப் பிடிக்க வைத்த பட்டியலிலேயே திருடன் கையெழுத்துப் போட்டிருந்தான் என்பதுதான் இதன் பொருள். மானியக் குழு 2018-ம் ஆண்டு மே மாதத்தில் 4,305 பத்திரிகைகளை நீக்கியது. அவற்றில் கட்டுரை வெளியிட்டு மதிப்பெண் பெற்றவர்கள் பெற்றவர்களே. விவரம் தெரியாமல் பணம் கட்டி ஏமாந்த மாணவர்களுக்குப் போனது போனதே.

இரண்டாவது முயற்சி

அதே ஆண்டு நவம்பரில் 'கேர்' என்ற கூட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. புனே பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு பிரிவு அமைந்தது. தெற்கே ஹைதராபாத் பல்கலைக்கழகம் உள்பட, பிராந்தியத்துக்கு ஒன்றாகச் சில பல்கலைக்கழகங்கள் துணை நின்றன. பத்திரிகைகளைச் சலித்தெடுத்த புதிய பட்டியல் 2019-ம் ஆண்டு ஜூனில் வெளியாயிற்று. முன்னதைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. பட்டியலுக்குள் நுழைய முடியாதபோது, பட்டியலில் இருந்தவற்றின் வேஷத்தைப் போட்டுக்கொண்டார்கள். பல ஆண்டுகளாக ஏதோ ஒரு சங்கமோ பல்கலைக்கழகத் துறையோ அச்சில் மட்டும் நடத்திவரும் பத்திரிகைக்குக் கம்ப்யூட்டர் வலையில் முகவரி இராது. அதே பெயரில், அதே பதிவு எண்ணைப் போட்டு, யாரோ ஒருவர் ஒரு வலைத்தளத்தைத் திறந்து பணம் வசூலிப்பார். இத்தகைய நகல் பத்திரிகைகளின் பட்டியல் ஒன்றையும் 'கேர்' அமைப்பு தனியாக வெளியிட வேண்டியதாயிற்று!

பதிவு எண் என்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.எஸ்.எஸ்.என். எனப்படும் எட்டு இலக்க எண், பாரிஸிலுள்ள சர்வதேச மையத்தின் ஏற்பாட்டில், ஒவ்வொரு தொடர் வெளியீட்டையும் அடையாளம் காண்பதற்காகத் தரப்படுவது. வாகனத்தின் நம்பர் பலகையைப் போன்றது அது. நம்பர் இருப்பதால் வண்டி நல்ல வண்டி என்று ஆகிவிடாது. "ஐ.எஸ்.எஸ்.என். பெற்ற பத்திரிகை" என்று தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வதே சந்தேகத்துக்கு இடம் தரும் அறிகுறி.

'கேர்' பட்டியல் மீது வேறு புகார்களும் எழுந்தன. நல்ல பத்திரிகை எது என்பதை ஒரே மையம் தீர்மானிப்பது சரியல்ல என்றார்கள். புதிய பத்திரிகையைச் சேர்ப்பதில் தாமதம், இருந்ததை அறிவிப்பின்றி நீக்குவது, இந்திய மொழிப் பத்திரிகைகளுக்குப் போதிய இடமின்மை ஆகியவையும் புகார்களில் அடங்கும். நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்த பிறகு, 2024 அக்டோபரில் கூடிய மானியக் குழு பட்டியலைக் கைவிடத் தீர்மானித்தது. அதற்குப் பதிலாக, ஆசிரியர் குழு, பரிசீலனை முறை, ஆராய்ச்சி நெறி போன்ற எட்டுத் தலைப்புகளில் 36 அளவுகோல்களை யோசனையாகத் தந்திருக்கிறது.

எண்ணை நம்பலாமா?

பட்டியல் இல்லாவிட்டால் என்ன, எண் இருக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. 'இம்பாக்ட் ஃபாக்டர்' என்று கல்வி உலகம் முழுவதும் வழங்கும் எண் அது. ஒரு பத்திரிகை 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 60 கட்டுரைகளை வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவற்றை மற்றவர்கள் 2024-ல் 90 முறை மேற்கோள் காட்டினார்கள் என்றால், 90-ஐ 60-ஆல் வகுத்து வரும் 1.5 அந்த ஆண்டுக்கான எண். கணக்கு அவ்வளவுதான்.

இந்த எண்ணின் பிறப்பைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் யூஜின் கார்பீல்டு என்ற தகவல் நிபுணர் மேற்கோள்களைத் தொகுக்கும் யோசனையை 1955-ல் வெளியிட்டு, 1960-களில் அதைச் செயல்படுத்தினார். ஆயிரக்கணக்கான பத்திரிகைகளில் எவற்றைத் தொகுப்பில் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கவே இந்த எண் உருவாயிற்று. பிறகு, குறைந்த பணத்தில் எந்தப் பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டுவது என்று யோசித்த நூலகர்களுக்கு அது உதவியது. நூலகருக்காக வந்த அளவுகோல், நாளடைவில் ஆசிரியரின் சம்பளத்தை நிர்ணயிக்கும் அளவுகோலாகிவிட்டது. மானியக் குழுவின் 2018-ம் ஆண்டு விதிகளைப் பார்த்தால் இது தெரியும். பரிசீலனை உள்ள, ஆனால் எண் இல்லாத பத்திரிகையில் வந்த கட்டுரைக்குக் கூடுதலாக 5 மதிப்பெண். எண் 1-க்குக் குறைவானால் 10. எண் 10-க்கு மேற்பட்டால் 30.

எண் பத்திரிகைக்கு உரியது. தனிக் கட்டுரைக்கு உரியதல்ல. இதை விளக்க ஓர் உதாரணம் போதும். படிகவியல் துறையில் புகழ்பெற்ற 'ஆக்டா கிறிஸ்டலோகிராபிகா' பத்திரிகையின் 'ஏ' பிரிவுக்கு 2008-ல் எண் சுமார் 2. அடுத்த ஆண்டு அது ஏறத்தாழ 50 ஆயிற்று! பத்திரிகையின் தரம் ஓராண்டில் இருபத்தைந்து மடங்கு உயர்ந்துவிடவில்லை. அந்தத் துறையினர் எல்லோரும் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் திட்டம் ஒன்றைப் பற்றி ஜார்ஜ் ஷெல்டிரிக் எழுதிய ஒரே கட்டுரையை ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டினார்கள். அதே பத்திரிகையில் வந்த மற்றக் கட்டுரைகளும் அந்த எண்ணின் நிழலில் நின்றன. இரண்டு ஆண்டுக் கெடு முடிந்ததும் எண் பழையபடி இறங்கிவிட்டது.

பெரிய நிறுவனமாயிருந்தால் தவறு நேராது என்ற நம்பிக்கையும் பொய்த்துப்போயிற்று. வைலி என்ற பன்னாட்டு வெளியீட்டு நிறுவனம் வாங்கிய ஹிந்தாவி குழுமத்துப் பத்திரிகைகள் பல, உலகத் தகவல் தொகுப்புகளில் இடம்பெற்றவை; எண் உள்ளவை. அவற்றில் வந்த 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளை 2023-ம் ஆண்டில் மட்டும் வாபஸ் வாங்க நேர்ந்தது. காசுக்குக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் கும்பல்கள் பரிசீலனை முறைக்குள்ளேயே புகுந்துவிட்டதுதான் காரணம்.

எண்ணுக்குள் அடங்காத மொழிகள்

இரண்டு ஆண்டுக் கணக்கு மருத்துவம், உயிரியல் போன்ற வேகமான துறைகளுக்கு ஓரளவு பொருந்தலாம். வரலாறு, மொழி, இலக்கியம் ஆகியவற்றுக்கு அது பொருந்தவே பொருந்தாது. கோலார் வட்டாரத்தில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் மைசூர் சமஸ்தானத்தில் தொகுத்து, 1886 முதல் வெளிவந்த 'எபிகிராபியா கர்நாடிகா' தொகுதிகளில் அவை அச்சேறின. நூறு ஆண்டு கழித்தும் ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தொகுதிகளைப் புரட்டுகிறார்கள். அத்தகைய உழைப்பை இரண்டு ஆண்டு மேற்கோளில் அளக்க முடியுமா?

மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்', கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' ஆகிய பத்திரிகைகள் பல தலைமுறைப் புலவர்களின் ஆராய்ச்சியைத் தாங்கி வந்தவை. கன்னடம், மராத்தி, வங்காளி மொழிகளுக்கும் இத்தகைய பத்திரிகைகள் உண்டு. மேல்நாட்டுத் தொகுப்புகள் எண்ணிப் பார்ப்பது பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரைகளையே. ஆகவே தமிழிலோ கன்னடத்திலோ ஆழமாக எழுதும் ஆசிரியருக்கு 5 மதிப்பெண். அதையே ஆங்கிலத்தில் மேலெழுந்தவாரியாக எழுதி, எண் உள்ள பத்திரிகையில் போடுபவருக்கு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு என்ற விபரீதம் ஏற்படுகிறது.

மாற்று வழி என்ன?

பத்திரிகையின் எண்ணைக் கொண்டு கட்டுரையை எடைபோடாதீர்கள் என்று 2012-ல் அமெரிக்காவின் ஸான்பிரான்சிஸ்கோ நகரில் கூடிய பத்திரிகை ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் ஒரு பிரகடனத்தைத் தயாரித்தார்கள். பதவி உயர்வில் இத்தகைய எண்களுக்கு உள்ள பிடியைத் தளர்த்தும்படி சீன அரசு 2020-ல் உத்தரவிட்டது. உலகம் போகும் திசை இது. அந்த அளவில் மானியக் குழுவின் முடிவு சரியானதே.

ஆனால் நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. பட்டியலும் எண்ணும் எவ்வளவு குறையுள்ளவையாயினும், முகம் பார்க்காதவை. "தேர்வுக் குழுவே படித்து முடிவு செய்யட்டும்" என்றால், வேண்டியவர்களுக்கு ஒரு நீதி, வேண்டாதவர்களுக்கு ஒரு நீதி என்ற பழைய கதை திரும்பி வராதா? ஜாதியும் கோஷ்டியும் செல்வாக்கும் புகாத கல்லூரி எது? சிபாரிசுக்கு ஆள் இல்லாத, சிறிய ஊரிலிருந்து வந்த இளைஞருக்கு எண் ஒன்றுதான் பாதுகாப்பு என்று வாதிப்பவர்களை அலட்சியம் செய்ய முடியாது. 5,699 பத்திரிகைகளைச் சிபாரிசு செய்த அதே பல்கலைக்கழகங்களிடம்தானே பொறுப்பு திரும்பவும் போகிறது?

இந்தப் பயத்தைப் போக்கப் பெரிய செலவு தேவையில்லை. மூன்று ஏற்பாடுகள் போதும். முதலாவது, எத்தனை கட்டுரை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, மனுதாரர் தாமே சிறந்ததென்று கருதும் மூன்று அல்லது நான்கு கட்டுரைகளை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். எண்ணிக்கைக்கு மதிப்பில்லை என்றானால் கடைகளுக்குப் பாதி வியாபாரம் போய்விடும். இரண்டாவது, அவற்றை வெளிமாநிலத்துத் துறை அறிஞர் இருவர் படித்து, கட்டுரையில் புதிதாக என்ன இருக்கிறது, குறை என்ன என்று எழுத்தில் தரவேண்டும். மூன்றாவது, அந்த அறிக்கையை மனுதாரருக்குக் காட்ட வேண்டும். காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் பாரபட்சம் செய்பவரும் சற்றுத் தயங்குவார். இன்றோ, எண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டு யாரும் எதற்கும் பொறுப்பேற்காமல் தப்பித்துக்கொள்ள முடிகிறது.

மாணவர்கள் விஷயம் இதைவிட அவசரமானது. டாக்டர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை மானியக் குழு 2022-ம் ஆண்டு விதிகளில் கைவிட்டது நல்ல காரியம். எனினும் வேலைக்கு மனுப் போடும்போது கட்டுரைப் பட்டியல் வேண்டியிருக்கிறது. "ஐந்து நாளில் வெளியீடு, கட்டணம் இவ்வளவு" என்று கைத்தொலைபேசியில் வரும் செய்திக்கு இரையாகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தில் முதன்முதலாக ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவர்கள். அவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய பேராசிரியர்கள் சிலரே அதே கடைகளில் கட்டுரை வாங்கியவர்கள் என்னும்போது எச்சரிக்கை எங்கிருந்து வரும்? ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நூலகரின் பொறுப்பில் ஓர் ஆலோசனைப் பிரிவை வைத்து, கட்டுரை அனுப்புமுன் மாணவர் அங்கே கேட்டுத் தெளியச் செய்யலாம். பத்திரிகைகளைத் தேர்ந்தெடுப்பது ஆதி நாளிலிருந்து நூலகரின் வேலைதானே?

சர்க்காருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தில், சுமார் 13,000 வெளிநாட்டு, உள்நாட்டுப் பத்திரிகைகளைக் கல்வி நிலையங்கள் படிப்பதற்காக மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை மத்திய அரசு 2024 நவம்பரில் ஒதுக்கியது. வரவேற்கத் தக்க செலவுதான். அதில் சிறு பங்கை, நம் நாட்டுச் சங்கங்களும் துறைகளும் நடத்தும் நல்ல பத்திரிகைகளைக் காலந்தவறாமல் வெளியிடவும், இந்திய மொழிக் கட்டுரைகளை முறைப்படி பரிசீலிக்கவும் செலவிட்டால், நகல் போடுபவர்களுக்கு இடமிராது.

மானியக் குழு தந்துள்ள 36 அளவுகோல்களையும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து, ஆம், இல்லை என்று கட்டம் நிரப்பிவிட முடியும். அப்படி நிரப்பினால் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றாக ஆயிரம் பட்டியல்கள் முளைக்கும். ஒரு பட்டியலை ஏமாற்றத் தெரிந்தவர்களுக்கு ஆயிரத்தையும் ஏமாற்றத் தெரியும். கட்டுரையைப் படிப்பதற்கு ஆள் ஏற்படுத்தும் பல்கலைக்கழகங்களில் மட்டுமே இந்த மாறுதலால் பலன் இருக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்யாத இடங்களில், பட்டியல் போனதால் லாபம் அடையப் போகிறவர்கள் கடைக்காரர்களே.